தானாகக் கீறிய போசிகள்

"நீங்கள் அனுப்பிய பித்தளைப் போசிகளில் பதினொன்று விளிம்பிலிருந்து கீழ்நோக்கிக் கீறியிருக்கின்றன. கூடையை விட்டு நாங்கள் எடுக்கவே இல்லை. யாரும் தட்டவில்லை, கீழே போடவில்லை. என்ன செய்வதென்று உடனே எழுதவும்."

சேலம் அம்மாபேட்டைப் பாத்திரக் கடைக்காரர் எங்களுக்கு எழுதிய கார்டு இது. வெகுதானிய வருஷம் ஐப்பசி, அதாவது 1938-ஆம் ஆண்டின் அடைமழைக் காலம். தேதி எழுதியிருந்த மூலையில் மழைத்தண்ணீர் பட்டு மை பரவிவிட்டது; தபால் முத்திரையும் தெளிவாக இல்லை. ஆகவே மாதத்துக்கு மேல் நான் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

எங்கள் பட்டறை நாமக்கல்லிலிருந்து திருச்செங்கோடு போகும் சாலையில், என் அக்காவின் கணவருடைய தோட்டத்துக்குள் இருந்தது. மச்சான் பருத்தி விவசாயி. பஞ்சை அமுக்கி பேல் கட்டும் பழைய ஹைட்ராலிக் பிரஸ் ஒன்று விலைக்கு வந்தபோது அதை வாங்கினார். பஞ்சை அமுக்குகிற யந்திரம் பித்தளைத் தகட்டை அமுக்காதா என்பது அவர் கேள்வி. அமுக்கியது. வட்டமாக வெட்டிய தகட்டை அச்சின் மேல் வைத்து, கீழேயிருந்து தண்டு மெதுவாக எழும்பினால், தகடு மடங்கிக் குழிந்து, வயலுக்குச் சோறு கொண்டுபோகிற போசியாக மேலே வரும். அதை முதல்முறை பார்த்த அன்று நான் சாப்பிடப் போக மறந்தேன். சம்மட்டி இல்லை, சத்தம் இல்லை. எஞ்சின் ஓட்டும் பம்பு தண்ணீரைத் தள்ள, அந்தத் தண்ணீர் பித்தளையை வளைத்தது. கடிதப் போக்குவரத்து என் வேலை. மற்ற நேரமெல்லாம் நான் பிரஸ் பக்கத்தில்தான் நின்றேன்.

பிரஸ்ஸோடு கூடவே வந்தவர் அதை ஓட்டியவர். பஞ்சாலையில் பல வருஷம் அதே யந்திரத்தோடு இருந்தவர். ஆலை மூடியதும் யந்திரம் ஏறிய வண்டியிலேயே குடும்பத்தோடு வந்து இறங்கினார். பட்டறைக்குப் பின்னால் மச்சான் கொடுத்த இரண்டு அறையில் குடியிருந்தார். வேறு பிரஸ் இந்தப் பக்கத்தில் எங்கும் இல்லை. இங்கே வேலை போனால் வீடும் சேர்ந்து போகும். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

கார்டை நான் படித்துக் காட்டியதும் மச்சான் நேரே அவரிடம் போனார்.

"ஏப்பா, எத்தன தடவ சொன்னேன், மெல்ல அமுக்குன்னு? எஞ்சினு ஓடுதுன்னு வால்வை முழுசாத் தொறந்து உட்டா பித்தள என்ன பஞ்சா?"

"அமுக்கறது அதிகமுன்னா அச்சுக்குள்ளயே கிழியோணுமுங்க சாமி. வெளிய வந்து, வண்டியேறி, சேலம் போயி, கூடைக்குள்ள குந்திக்கிட்டா கிழியும்?"

"அது எனக்குத் தெரியாது. கார்த்திக தீபத்துக்குச் சீர்ப் போசி கேட்டிருக்காங்க. அதுலயும் கீறல் வந்துச்சுன்னா, நான் வேற ஆளப் பாத்துக்கறேன்."

பிரஸ்காரர் தோளில் கிடந்த துணியை எடுத்துத் தண்டைத் துடைக்க ஆரம்பித்தார். தண்டில் ஒரு மணல் துகள் இருந்தாலும் அது மேலும் கீழும் போகையில் உள்ளே இருக்கும் தோல் வாஷரை அறுத்துவிடும் என்பதால், பேச்சு எதுவானாலும் அவர் கை துடைத்துக்கொண்டே இருக்கும்.

மறுநாள் பிரஸ்ஸைப் பிரித்தோம். அழுத்தம் காட்டும் கடிகாரம் பொய் சொல்கிறதோ என்பது என் சந்தேகம். வாஷர் நைந்து அழுத்தம் விட்டுவிட்டு ஏறுகிறதோ என்பது அவர் சந்தேகம். தொன்னை போல் வளைந்த அந்தத் தோல் வாஷரை வெளியே எடுத்ததும், மூக்கைப் பிடித்துக்கொள்கிற மாதிரி ஒரு வாசம் வந்தது. விளிம்பு லேசாகத் தேய்ந்திருந்தது. விளக்கெண்ணெயில் ஊறவைத்திருந்த புது வாஷரைப் போட்டார். விளிம்பு தண்ணீரைப் பார்த்து இருக்க வேண்டும்; திருப்பிப் போட்டால் தண்ணீர் பீய்ச்சியடிக்கும். தொட்டித் தண்ணீரை வடித்து, வேட்டித் துணியில் வடிகட்டிய மழைத்தண்ணீர் ஊற்றி, சோப்பு கரைத்தார். எல்லாம் புதுசு. அன்று அழுத்திய போசிகளில் பாதியை மெதுவாகவும் பாதியை வழக்கமான வேகத்திலும் அழுத்தினோம். எதற்கு எது என்று அடியில் ஆணியால் குறி போட்டேன். வாரம் முடிவதற்குள் இரண்டு வகையிலும் கீறல் வந்தது.

அதில் ஒன்று கீறியதை நான் காதால் கேட்டேன். மழை பெய்துகொண்டிருந்த மத்தியானம், சரக்கு அறையில் தனியாக நின்றிருந்தேன். 'டிக்' என்றது, நகத்தைச் சொடுக்கியது போல. போய்ப் பார்த்தால் நேற்றுவரை முழுசாக இருந்த போசியில் மயிரிழை போல ஒரு கோடு. அதன் அருகில் பல்லிகூட இல்லை.

"ரெண்டு வகையிலயும் கீறியிருக்குதுங்க மச்சான்" என்று சொன்னேன்.

"மெல்ல அமுக்குனதும் போதுமான மெல்ல இல்ல" என்றார். தப்பிக்க வழியில்லாத வாதம்.

அதற்கு மூன்றாம் நாள் அம்மாபேட்டைக்குப் போனேன். தறிச் சத்தம் இரண்டு பக்கமும் கேட்கும் தெருவில் கடை. கடைக்காரர் கீறிய போசிகளை ஒரு சாக்கில் போட்டு எனக்காக வைத்திருந்தார். கோபமாக இல்லை, அவருக்கும் இது வேடிக்கையாகவே இருந்தது.

"ஒண்ணு சொல்றேன் பாருங்க. மேல் தட்டுல அடுக்கி வச்சது இருக்குல்ல, அதுல ஒண்ணும் ஆகல. கூடையில வைக்கோலுக்குள்ள கிடக்கறதுதான் இப்படி ஆவுது. அந்த வைக்கோல முதல்ல மாத்துங்க. கூடையப் பிரிச்சா கடை பூரா மாட்டுக் கொட்டாய் வாசம். நேத்து ஒரு அம்மா மூக்கைப் பொத்திக்கிட்டு, 'இங்க பாத்திரம் விக்கிறீங்களா, எருமை விக்கிறீங்களா'ன்னு கேட்டுட்டுப் போறாங்க."

இதைத் திரும்பி வந்து சிரிப்புக்காகத்தான் சொன்னேன். மச்சான் சிரித்தார். பிரஸ்காரர் சிரிக்கவில்லை.

"சரக்கு ரூமுக்கும் கட்டுத்தறிக்கும் நடுவுல ஒரே செவுருதானுங்க" என்றார். "கூடைக்கு வெக்கிற வைக்கோலு எருதுங்களுக்கு அடியில கெடந்ததுங்க. வேற வைக்கோல எடுத்தா அம்மா ஏசுவாங்க."

அம்மா என்றது என் அக்காவை. தீனிக்கு ஆகும் நல்ல வைக்கோலைப் பட்டறைக்குக் கொடுக்கக் கூடாது என்பது அவள் சட்டம். பூட்டு உள்ள ஒரே கட்டடம் கட்டுத்தறியை, அதாவது மாட்டுக் கொட்டகையை, ஒட்டியிருந்ததால், முடித்த சரக்கும் அங்கேதான். மாட்டு மூத்திரத்தின் காரம் காற்றில் கலந்து பித்தளையைப் பிளக்குமா? கேட்கவே அசட்டுத்தனமாக இருந்தது. அப்படியானால் தோட்டத்து வீடுகளில் கட்டுத்தறியிலேயே வைக்கிற அடித்துச் செய்த பழைய பித்தளை அண்டாக்கள் ஏன் பிளக்கவில்லை?

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் ரம்பத்தை எடுத்தோம். இன்னும் கீறாத ஒரு போசியை மரப்பிடியில் இறுக்கி, விளிம்பிலிருந்து கீழே நேராக அறுத்தேன். ரம்பத்தின் பல் அகலத்துக்குத்தான் வெட்டு இருக்க வேண்டும். ரம்பத்தை எடுத்ததும் வெட்டு தானாக விரிந்து, என் சுண்டு விரல் நுழைகிற அளவுக்கு வாயைத் திறந்துகொண்டது. மூன்று பேரும் குனிந்து பார்த்தோம்.

"அட, இழுத்துக் கட்டுன கயித்த அறுத்த மாதிரி இருக்குதே!" என்றார் மச்சான்.

"அமுக்கறப்ப உள்ளுக்குள்ள ஒரு இழுப்பு தங்கிப்போவுதுங்க" என்றார் பிரஸ்காரர். "அது மெல்ல அமுக்குனாலும் இருக்கும், வெரசா அமுக்குனாலும் இருக்கும்."

"அத நீ சொல்லாத."

முதல் அழுத்தலுக்கும் கடைசி அழுத்தலுக்கும் நடுவில் தகட்டைக் கடலைத்தொட்டி (நிலக்கடலை ஓடு) நெருப்பில் சிவக்கக் காய்ச்சி ஆற்றுவோம். இல்லாவிட்டால் அது அச்சிலேயே கிழியும். கடைசி அழுத்தலுக்குப் பிறகு காய்ச்சுவதில்லை. காரணம், வாங்குகிறவர்கள் விரலை மடக்கித் தட்டிப் பார்ப்பார்கள். 'ணங்' என்று சத்தம் வர வேண்டும். காய்ச்சிய போசி தட்டினால் மண்சட்டி போல் கேட்கும். கையால் அமுக்கினால் நெளியும். ஆக, கடையில் போசியை விற்றுத் தந்த அந்த 'ணங்'கும், அதைப் பிளந்த இழுப்பும் ஒரே இடத்தில் இருந்தன. அடித்துச் செய்யும் அண்டாவை ஆசாரிகள் அடிக்கடி காய்ச்சுவார்கள். பதிலில் பாதியாவது அதில் இருக்கும் என்று எனக்குப் பட்டது.

ஒரு போசியை மறுபடி சிவக்கக் காய்ச்சிப் பார்த்தோம், சத்தம் செத்துவிட்டது. அடுத்ததை நெருப்பில் வைக்காமல், முந்தின நாள் எரிந்த கடலைத்தொட்டிச் சாம்பல் குவியலுக்குள் புதைத்துவிட்டு மறுநாள் எடுத்தோம். சாம்பல் அப்போதும் கை வைக்க முடியாத சூடு. தட்டினேன்; சத்தம் அப்படியே இருந்தது. அறுத்தேன், வெட்டு ரம்பத்தின் பல் அகலத்திலேயே நின்றது, விரியவில்லை. அன்றைய தினம் என் வாழ்நாளில் மிகச் சந்தோஷமான நாட்களில் ஒன்று என்று எழுதினால் படிப்பவர்கள் சிரிக்கலாம்.

இனிச் செய்ய வேண்டியது தெளிவாக இருந்தது. சாம்பலில் வைத்ததில் கொஞ்சம், வைக்காததில் கொஞ்சம்; கட்டுத்தறி வைக்கோலில் கொஞ்சம், காய்ந்த நல்ல வைக்கோலில் கொஞ்சம். மெதுவாக அழுத்தியது, வேகமாக அழுத்தியது என்று அதிலும் பிரித்து, ஒரு மாதம் பொறுத்தால் எது எதனால் என்று தெரிந்துவிடும். இதைப் பிரஸ்காரர்தான் என்னைவிட அதிகமாக விரும்பினார்.

"ஒரு மாசம் பொறுங்க சாமி. என்ற கையினால கீறல் வரலீன்னு தெரிஞ்சுக்கிட்டாப் போதும்."

மச்சானுக்குப் பொறுமை இல்லை. தீபம் நெருங்கிவிட்டது. ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் செய்தார். சரக்கைப் பெரிய வீட்டுக்குள் மாற்றினார். அக்காவோடு சண்டை போட்டு நல்ல வைக்கோல் வாங்கினார். போசிகளையெல்லாம் சாம்பலில் புதைக்கச் சொன்னார். வால்வுக்கு ஒரு கட்டை அடித்து, பாதிக்கு மேல் திறக்க முடியாமல் செய்தார்.

தீபத்துச் சரக்கில் ஒன்றுகூடக் கீறவில்லை. அதற்குப் பின்னும் கீறல் வரவில்லை. பிரஸ்காரருக்கு வேலையும் வீடும் நிலைத்தன.

ஆனால் மச்சான் அந்தக் கட்டையை எடுக்கவில்லை. பட்டறை பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் அதைத் தொட்டுக் காட்டுவார். "இதப் போட்டேன், கீறல் நின்னுபோச்சு. அதுவரைக்கும் இவன் பஞ்சு அமுக்குற மாதிரியே அமுக்கிட்டிருந்தான்." பக்கத்திலேயே பிரஸ்காரர் தண்டைத் துடைத்துக்கொண்டு நிற்பார். ஒருமுறை வந்தவர்கள் போன பிறகு என்னிடம் சொன்னார்: "சோறு போடுறாரு, ஊடு குடுத்திருக்காரு, நான் ஒண்ணுஞ் சொல்லலீங்க. அந்தக் கட்டைய மட்டும் காட்டாம இருந்தாப் பரவால்லீங்க."

பின்னாளில், போர்க்காலத்தில், ஒரு வாசகசாலையில் உலோகங்களைப் பற்றிய ஆங்கிலப் புத்தகம் ஒன்றைப் புரட்டியபோது, உள்ளே இழுப்பு தங்கிய பித்தளை, மழைக்காலத்தில் தொழுவத்தின் காரக் காற்று பட்டால் தானாகப் பிளக்கும் என்று இருந்தது. மெதுவாக அழுத்தினால் இழுப்பு குறையுமா என்று அதில் ஒரு வரியும் இல்லை. அதை மச்சானிடம் சொன்னேன். "புஸ்தகம் எழுதினவன் நம்ம பிரஸ்ஸப் பாத்தானா, மாப்ளே?" என்றார்.

அன்று சாயங்காலம் பிரஸ்காரரிடமும் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. கட்டை அடிப்பதற்கு முந்தின நாளே, முழு வால்வில், பழைய வேகத்தில் ஒரு போசியை அழுத்தி, சாம்பலில் வைத்து எடுத்து, கட்டுத்தறி விட்டத்தில் ஈர வைக்கோலுக்குள் தொங்கவிட்டதாகச் சொன்னார். அந்த வருஷத் தை முடியும் வரை தொங்கியும் அது கீறவில்லையாம். நான் பார்க்கலாமா என்று கேட்டேன். மாடு கட்டுகிற பெண் அதை எடுத்து அக்காவிடம் கொடுத்துவிட்டாள், அக்கா அதை மற்றவற்றோடு சேர்த்து விற்பனைக்கு அனுப்பிவிட்டாள் என்றார். அந்தப் பெண் அதற்குள் வேலையை விட்டுப் போய்விட்டாள். அக்காவைக் கேட்டேன்; அப்படி ஒரு போசி வந்த ஞாபகம் அவளுக்கு இல்லை, வரவில்லை என்றும் சொல்ல முடியவில்லை. அவர் பொய் சொல்லும் ஆள் இல்லை. இருந்தாலும் அந்தப் போசியை நான் கண்ணால் பார்க்கவில்லை. அதைப் பார்த்ததாகச் சொல்ல அவரைத் தவிர வேறு யாரும் எனக்குக் கிடைக்கவில்லை. ஆகவே அது சரிபார்க்கப்படாத செய்தி என்றே இங்கே எழுதுகிறேன்.