அத்தை பார்க்காத ஓரங்கள்

வரதராஜன்பேட்டையில் நான் நாலாம் வகுப்பு படித்தபோது அத்தைதான் டீச்சர். அப்பாவின் அக்கா. அந்த வருடம் வகுப்பின் இரு ஓரங்களிலும் இடம் பிடிக்க எங்களுக்குள் அடிதடியே நடக்கும். ஓரத்தில் உட்கார்ந்து மாங்காய் தின்றாலும் அத்தை கண்டுகொள்வதில்லை. அவருக்கு இளகிய மனசு என்று நாங்கள் முடிவு கட்டியிருந்தோம்.

வீட்டில் அத்தைக்கு அந்த நல்ல பெயர் இல்லை. நிலைப்படியில் தோளை இடித்துக்கொள்வார். செம்பு செம்பாகத் தண்ணீர் குடிப்பார். பள்ளிவிட்டு வந்ததும் சுருண்டு படுத்துவிடுவார். சர்க்கரையாக இருக்கும் என்றார்கள், பரிசோதித்தால் இல்லை. “வயசு அப்படிம்மா” என்றார் ஒரு டாக்டர். சோம்பல் என்றார்கள் சொந்தக்காரர்கள்.

தலைவலி விடாமல் இருக்கவே, கண்ணாடி மாற்றலாம் என்று மாமா அவரை அரியலூருக்குக் கூட்டிப்போனார். பள்ளி விடுமுறை, நானும் ஒட்டிக்கொண்டேன். கண் டாக்டர் ஒரு சின்ன வயதுப் பெண். அத்தை எழுத்துகளையெல்லாம் சரியாகப் படித்தார். ஆனால் உள்ளே வரும்போது பக்கத்தில் கிடந்த நாற்காலியில் அத்தை மோதியதை டாக்டர் பார்த்திருந்தார்.

“ஒரு கண்ண மூடிக்கிட்டு என் மூக்கையே பாருங்க டீச்சர். ஓரத்துல வெரல் ஆடுறது தெரிஞ்சா சொல்லுங்க.”

விரல் ஆடியது. அத்தை சும்மா இருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

“அத்த, ஆட்டுறாங்க பாரு!”

டாக்டர் என்னைத் திட்டவில்லை. மறு கண்ணுக்கும் அதே கதை. அவர் மெதுவாகக் கேட்டார்:

“தண்ணி நெறைய குடிக்கிறீங்களா?”

“ஆமாங்க. ராத்திரில நாலஞ்சு தடவ எந்திரிக்கிறேன்.”

“இது கண்ணாடியில தீராதுங்க. திருச்சிக்குப் போயி தலைக்கு ஸ்கேன் எடுத்துடுங்க. தள்ளிப் போடாதீங்க.”

திருச்சிக்கும் நான் கூடப் போனேன். ஸ்கேனில் தெரிந்துவிட்டது. மூளைக்கு அடியில், பட்டாணி அளவே இருக்கும் பிட்யூட்டரி சுரப்பிக்கு மேலே ஒரு கட்டி. இரு கண் நரம்புகளும் கூடுகிற இடத்தை அது அழுத்திக்கொண்டிருந்தது. ஓரங்கள் தெரியாமல் போனது அதனால்தான்; சுரப்பியையும் அழுத்தியதில்தான் தாகமும் அசதியும். பெரியவர்களுக்கு அபூர்வமாக வருவது, புற்று இல்லை, மூக்கு வழியாகவே எடுத்துவிடலாம், ஆனாலும் பெரிய ஆபரேஷன்தான் என்றார் திருச்சி டாக்டர்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பார்வை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. தினமும் மாத்திரை உண்டு, வருடா வருடம் ஸ்கேன் உண்டு. இன்று அத்தை முந்திரிக் காட்டுக்குத் தனியாக ஸ்கூட்டரில் போய்வருகிறார்.

ஆனால் கட்டி என்று சொன்ன அந்த நாள் எனக்கு வேறு மாதிரி நினைவிருக்கிறது. மாமா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அத்தையோ முகமெல்லாம் மலர டாக்டரைக் கேட்டார்:

“அப்ப நான் சோம்பேறி இல்லீங்களா சார்?”

தலைக்குள் கட்டி என்று கேட்டு யாராவது சிரிப்பார்களா? கட்டி அத்தையின் புத்தியைக் கெடுத்துவிட்டது என்றே நான் பயந்துபோனேன். ஊர் திரும்பும் பஸ்ஸில், அத்தையும் எல்லாரையும்போல அழ வேண்டும் என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டே வந்தேன்.