கடற்கரை பங்களாவின் விருந்துகள்

பகல் பதினொரு மணிக்கே வெள்ளைத் துணி போர்த்திய நாற்காலிகள் மணலில் இறங்கிவிடும். மண்டபம் என்ற ஊரில் கடலை ஒட்டியிருந்த அந்தப் பங்களாவில் ஒன்பது வருடம் வீட்டுப் பொறுப்பு என்னுடையது. முதலாளி, அபிராமத்தில் மைக்செட் போட்டுக்கொண்டிருந்தவர். பிறகு சென்னையில் பாட்டுக் கம்பெனி தொடங்கிப் பெரிய ஆளாகிவிட்டார். ஒரு படத்தின் பாட்டு வெளியானால் மதுரை விமான நிலையத்திலிருந்து கார்கள் வரிசையாக வரும். திரையில் மட்டுமே பார்த்த முகங்கள் மணலில் உட்கார்ந்து நண்டு உடைத்துத் தின்னும். வாசலில் நின்று ஒவ்வொருவரையும் கைபிடித்து அழைத்து வருவார் முதலாளி. தனியாக உட்கார்ந்தால் அவருக்குச் சோறு இறங்காது. எல்லோரும் கிளம்பிய பிறகு சமையல்கட்டுக்கு வந்து, நான் பாத்திரம் ஒதுக்குவதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார். என் வீட்டுக்காரர் இறந்த மாதத்தில் வேலை கொடுத்தவர். என் மகளைக் கல்லூரியில் சேர்த்துவிட்டவர். என்னைத் தங்கச்சி என்பார். நான் அண்ணே என்பேன்.

ஒரு விருந்தின் பிற்பகலில், புதிதாகப் பாட வந்திருந்த பெண் மாடிப்படியில் வேகமாக இறங்கி வந்தாள். இருபது வயதிருக்கும். செருப்பு கையில் இருந்தது. சுடிதாரின் தோள் கிழிந்திருந்ததைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு, இராமநாதபுரம் பஸ் எங்கே நிற்கும் என்று மட்டும் கேட்டாள். வழி சொன்னேன். மாடியில் முதலாளியின் அறைக்கதவு திறந்து கிடந்ததையும் பார்த்தேன். அடுப்பில் பாயசம் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

நாலு வருடம் கழித்து அவள் தொலைக்காட்சியில் அன்று மாடியறையில் நடந்த எல்லாவற்றையும் சொன்னாள். அவளைத் தொடர்ந்து இன்னும் இரண்டு பெண்கள் பேசினார்கள். அந்தப் பெண் தன் பங்களாவுக்கு வந்ததே இல்லை என்று முதலாளி அறிக்கை விட்டார். மணலில் உட்கார்ந்து தின்றவர்களோ, தங்களுக்கு மண்டபம் எந்தப் பக்கம் என்றே தெரியாதது போலப் பேசினார்கள்.

ஒருநாள் மத்தியானம் அவரே கார் ஓட்டிக்கொண்டு தனியாக வந்தார். தாடி நரைத்திருந்தது. சோறு வைத்தேன், தொடவில்லை.

"போலீஸ்ல உன்னயக் கேப்பாக. அந்தப் புள்ள இங்கன வந்ததே இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லு தங்கச்சி. எனக்கு வேற யாருமில்ல."

அது பொய்யில்லை. உண்மையிலேயே அவருக்கு அப்போது யாருமில்லை. என் மகளின் படிப்பு நினைவுக்கு வந்தது.

"அவளுக்குப் பஸ்ஸுக்கு வழி சொன்னதே நாந்தாண்ணே" என்றேன்.

யாரோ ஒருத்தியைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். எழுந்து போய்விட்டார்.

இராமநாதபுரம் காவல் நிலையத்தில் பார்த்ததை எழுதிக் கொடுத்தேன். வழக்கு நடக்கிறது. பங்களா பூட்டிக் கிடக்கிறது. இப்போது எனக்கு இராமநாதபுரத்திலேயே ஒற்றை அறை. சோறு போட்ட மனுசனைக் காட்டிக்கொடுத்தவள் என்கிறார்கள் உறவுக்காரர்கள். நான் செய்தது சரி என்பவர்களும் வீடு தேடி வருவதில்லை. ஒருத்திக்குச் சமைக்க இன்னும் அளவு பிடிபடவில்லை.

மகள் கோபப்படுவாள் என்று பயந்து, பல நாள் கழித்தே போனில் சொன்னேன். முழுவதும் கேட்டுக்கொண்டாள்.

"இப்பச் சொன்னது சரிதாம்மா. ஆனா அன்னைக்கு அந்த அக்காவ ஏன் தனியா அனுப்புன?"

"அடுப்புல பாயசம் இருந்துச்சும்மா" என்றேன். அவள் போனை வைக்கவில்லை.