முட்டியைப் பற்றிச் சொன்னது யார்

பதினோரு வருஷம் கபடியில் இடது கார்னரில் நின்றுதான் சம்பாதித்தேன். பாடி வருகிறவனின் முகம் பேப்பரில் வரும். என் படம் என்று வந்தவற்றில் பெரும்பாலும் இன்னொருவனின் கணுக்காலும் அதைச் சுற்றி என் இரண்டு கைகளும்தான் இருக்கும். எனக்கு அதில் வருத்தம் இல்லை. உள்ளே வந்தவனைத் திரும்பிப் போகவிடாமல் தரையோடு சேர்த்து அமுக்குவதுதான் என் வேலை.

அந்த வேலைக்குச் சந்தேகம் வேண்டும். வருகிறவன் ஒரு பக்கம் பார்த்தால் மறுபக்கம் பாய்வான் என்றே நினைக்க வேண்டும். நாளாக நாளாக, ஆட்டம் முடிந்த பிறகும் அது என்னை விடவில்லை. திருத்தணி பஸ் ஸ்டாண்டில் யாராவது நலம் விசாரித்தால்கூட, எதற்குக் கேட்கிறார் என்று யோசிப்பேன்.

ஒரு சீசனில் பயிற்சியின்போது வலது முட்டி திரும்பிக்கொண்டது. ஜவ்வு கிழிந்திருக்கிறது, ஆபரேஷன் வேண்டும் என்றார் டாக்டர். அணியில் தெரிந்தால் அடுத்த ஒப்பந்தம் கிடைக்காது. பட்டையைச் சுற்றிக்கொண்டு ஆடினேன். விஷயம் தெரிந்தவர் ஒருவர்தான்: ஸ்கேன் எடுக்க பைக்கில் கூட்டிப்போன என் மனைவியின் அண்ணன். பொதட்டூர்பேட்டைக்காரர். அதே அணியில் எனக்குப் பக்கத்து இடமான கவரில் நின்று ஆடியவர். பாவா என்று கூப்பிடுவேன்.

அரையிறுதியன்று கோச் என்னைத் தனியாக அழைத்தார்.

"இன்னிக்கு நீ வெளிய உக்காரு. முட்டி சரியில்லியாமே?"

"யாரு சார் சொன்னது?"

"யாரு சொன்னா இன்னா?"

என் இடத்தில் பாவாவை நிறுத்தினார். அதற்கு மேல் எனக்குச் சாட்சி தேவைப்படவில்லை. ஒரு வாரம் முன்பு "இன்னும் எத்தினி மேட்ச் தாங்கும்?" என்று பாவா கேட்டது நினைவுக்கு வந்தது. அக்கறையாகத் தெரிந்த கேள்வி இப்போது வேவு பார்த்ததாகத் தெரிந்தது. அவர் போனை எடுப்பதை நிறுத்தினேன்.

அவர் மகளுக்குத் திருத்தணி மலைமேல் காதுகுத்து. மனைவியின் கட்டாயத்துக்காகப் போய், கூட்டத்தைவிட்டுத் தள்ளி நின்றேன். பாவாவே வந்தார்.

"நான் சொல்லல. நம்புனா நம்பு."

"உன்ன வுட்டா வேற யாருக்குத் தெரியும் பாவா?"

பின்னால் நின்ற என் மனைவி சொன்னாள்: "நான்தாங்க கோச்சுக்குப் போன் பண்ணேன்."

ஆடிக் கிருத்திகைக்கு இதே மலைக்கு வந்தபோது நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்கியதைப் பார்த்திருக்கிறாள். வீட்டில் கீழே உட்கார்ந்து சாப்பிடுவதை நான் நிறுத்தியதையும் கவனித்திருக்கிறாள்.

"என்னை ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே?"

"கேட்டா ஒண்ணும் இல்லன்னு சொல்வீங்க. நொண்டிக்கினே ஆடுவீங்க."

அப்போதும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "பாவாதான் உன்கிட்ட சொல்லி, போன் பண்ண வெச்சாரா?" என்றேன். அவள் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, அழுதுகொண்டிருந்த குழந்தையை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அந்தப் பார்வை இன்றைக்கும் சுடுகிறது.

ஆபரேஷன் நடந்தது. ஆஸ்பத்திரியில் மூன்று நாளும் பாவாதான் கூட இருந்தார். வீட்டுக்குக் கிளம்பும்போது, "தப்பா நெனச்சிட்டேன் பாவா" என்றேன்.

"ஆங், தெரியும்" என்றார். "எனக்கு இன்னும் கோவம் போவல. போனா சொல்றேன்."

பிறகு ஒரே ஒரு சீசன் ஆடினேன். பாவா கார்னரிலேயே நிலைத்துவிட்டார். நான் கவரில் நின்றேன்.