கங்கு வெளியே, துணி உள்ளே

பேரக்குழந்தைக்குச் சாம்பிராணி காட்டச் சட்டியைக் கொண்டுவந்தால், நான் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்துவிடுவேன். கொசு வரும் என்று மருமகள் முணுமுணுப்பாள். வரட்டும். கொசுவை அடித்துக்கொள்ளலாம்.

எனக்குப் பிறவியிலேயே பயந்த சுபாவம். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நின்றுபோனதா, எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று பிரித்துப் பார்க்கத் தெரியாமல் எல்லாவற்றுக்கும் பயந்துவைத்தேன். ஒன்றுக்கு மட்டும் காரணம் தெரிந்து பயந்தேன். அது கரி.

உலகச் சண்டைக்காலம் அது. பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களைக் கரியில் ஓட்டினார்கள். பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில் நான் கிளீனர். பஸ்ஸின் பின்னால் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு உருளை இருக்கும். காலையில் அதில் கரியைக் கொட்டிப் பற்றவைத்து, விசிறியைக் கையால் சுற்ற வேண்டும். கரி வெந்து கிளம்பும் காற்றில்தான் எஞ்சின் ஓடும். ஒருநாள் மழைக்குப் பயந்து கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு சுற்றினேன். நெற்றிப்பொட்டில் வலி தெறித்தது. அப்புறம் கால் இரண்டும் என்னுடையதாக இல்லை. கண் திறந்தபோது வெளியே கிடந்தேன், முகத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது.

"சாத்திக்கிட்டா சுத்துவாங்க? கரி ஆளக் குடிச்சிரும்டா," என்றார் என்னை இழுத்துப்போட்ட டிரைவர் அண்ணன்.

அன்று கொட்டகையில் கண் கரிக்கிற அளவுக்குக்கூடப் புகை இல்லை. இன்றும் என் பயமெல்லாம் அதுதான். அந்தக் காற்றுக்குக் கார்பன் மோனாக்சைடு என்று பெயர் இருப்பது, வெகுகாலம் கழித்து என் மகன் சொல்லித்தான் தெரியும்.

அந்த வருஷம் ஐப்பசியில் என் மனைவிக்குத் தலைப்பிரசவம், அரியலூரில் அவள் தாய்வீட்டில். பெண் குழந்தை. மழையோ விடுவதாயில்லை. விறகெல்லாம் ஊறிப்போனதால், பஸ்களுக்கென்று ஊருக்குள் விற்க வந்த கரியை வாங்கி என் மாமியார் நெருப்புச்சட்டி போட்டிருந்தார். பிள்ளை பெற்றவளுக்கு வாடைக்காற்று படக் கூடாதே. நெல் கொட்டிவைக்கும் அறையைக் காலி செய்து அவளைப் படுக்கவைத்திருந்தார்கள். மேலே பலகை அடித்த மச்சு, ஓட்டு இடுக்குகூடக் கிடையாது. இருந்த ஒரே ஜன்னலில் சாக்கை அடைத்து, கதவின் அடியில் பழம்புடவையைத் திணித்து, கயிற்றுக் கட்டிலுக்குக் கீழே சட்டியை வைத்திருந்தார்கள். தீட்டு கழியும்வரை ஆண்கள் உள்ளே போகக் கூடாது.

மதியம் பஸ் அரியலூரில் நிற்கும்போது ஓடிப்போய் அறைக்கு வெளியே நிற்பேன்.

"தலைய வலிக்குதுங்க," என்றாள் ஒருநாள், உள்ளேயிருந்து. "பின்கட்டுக்குக் குளிக்கப் போனா விட்டுருது. திரும்ப வந்து படுத்தா புடிச்சிக்கிது."

கொட்டகையில் எனக்குத் தெறித்த அதே வலி.

"அத்தை, அந்தச் சட்டிய வெளிய எடுத்துருங்க."

"பச்ச ஒடம்பு மாப்புள, வலிக்கத்தான் செய்யும்."

"சாத்துன அறையில கரி ஆகாதுங்க. ஆளக் கொன்னுரும்."

"வெறகுன்னா பொகையும். இது வெளிய வச்சு நல்லாக் கனிய வச்சுத்தானே உள்ள கொண்டுபோறேன். பொட்டுப் பொகை இருக்கா, சொல்லுங்க."

கெடுதல் புகையில்தான், புகை போய்விட்டால் நெருப்பு சுத்தம் என்று எல்லோரும் நினைத்த காலம்.

தாழ்வாரத்தில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த மாமனார் சொன்னார்: "மேகம் கறுத்தா பஸ்ஸு முழுவிரும்னு மாப்புளைக்குப் பயம். வெயிலடிச்சா டயரு வெடிச்சிரும்னு பயம். இப்ப கங்கு வேற சேந்துக்கிச்சு."

அத்தை சிரித்தார். எப்போதும் பயப்படுகிறவன் ஒருநாள் காரணத்தோடு பயந்தாலும், அதே குரலில்தான் சொல்ல முடிகிறது. பஸ் ஹாரன் அடித்தது. திருமழபாடி சாமிக்கு மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டு கிளம்பினேன்.

மறுநாள் மதியம் அத்தை பெருமையோடு எதிர்கொண்டார். "பேத்தி தங்கம் மாப்புள. காலையிலேருந்து அழுவவே இல்ல. பாலுக்குக்கூட முழிக்கல. ஆத்தாளும் அசந்து தூங்குறா."

நான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

"மாப்புள, தீட்டு," என்று பின்னாலேயே வந்தார் அத்தை.

உள்ளே சுகமான வெதுவெதுப்பு. கட்டிலுக்கடியில் கங்கு செவசெவவென்று இருந்தது, ஓர் இழை புகை இல்லை. குழந்தையை வாரி அத்தை கையில் திணித்து, "தாழ்வாரத்துக்குக் கொண்டுபோங்க," என்றேன். மனைவியின் அக்குளில் கை கொடுத்து இழுத்தேன். மாமா எழுந்து வந்து அவள் கால்களைப் பிடித்துக்கொண்டார்.

காற்றுப் பட்டதும் அவள் வாந்தி எடுத்தாள். கண்ணைத் திறந்து, "சாரல் அடிக்குதே, புள்ள நனையுது," என்றாள். குழந்தை கண் திறக்கவில்லை. அத்தை உள்ளங்காலைத் தேய்த்தார். மறுபடியும் தேய்த்தார். சாரல் அதன் நெற்றியில் விழுந்தது, யாரும் மறைக்கவில்லை. பிறகு அந்தச் சின்ன முகம் கோணியது. வீறிட்டு அழுதாள். அத்தை அவளை மடியில் வைத்தபடி சுவரில் சாய்ந்துவிட்டார்.

குழந்தையின் அழுகை ஓய்ந்ததும் கேட்டார்: "சட்டிய எடுத்தாச்சு. குளுருக்கு என்ன பண்றது மாப்புள? புள்ள வெறச்சிரும்ல."

அந்தப் பயமும் நிஜம்தான். பயத்தைப் பற்றி எனக்குத் தெரியாதா.

பஸ்ஸுக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். ஜன்னல் சாக்கைப் பிடுங்கினோம். சட்டியைத் தாழ்வாரத்தின் கடைசியில் வைத்து நான் உட்கார்ந்தேன். பழைய வேட்டித் துணிகளை மடித்து, கங்குக்கு மேலே பிடித்துச் சூடேற்றி, கதவு இடுக்கில் நீட்டுவேன். உள்ளே அத்தை அதைப் பிள்ளையின் மேல் சுற்றுவார், ஆறியதைத் திருப்பித் தருவார். "பஸ்ஸுக்குக் கரி போட்ட கை, இப்ப புள்ளத் துணிக்குக் கரி போடுது," என்று மாமா வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். சொல்லட்டும்.

கதவு கொஞ்சம் திறந்து, அத்தையின் கை நீண்டது. "இது ஆறிப்போச்சு மாப்புள. வேற குடுங்க. ரொம்பச் சூடு வேணாம், தோலு பொசுங்கிரும். ஒதறிப் பாத்துட்டுக் குடுங்க, தீப்பொறி எதுவும் ஒட்டியிருக்கப் போவுது."

"அம்மாவும் அவரு மாதிரி ஆயிட்டா," என்று உள்ளே என் மனைவி சிரித்தாள்.

தலை வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றாள். துணியை உதறிக் கொடுத்துவிட்டு, திரும்பவும் கேட்டேன்.