அட்டையில் இல்லாத பொடியன்

லண்டன் டூட்டிங்கில் ஒரு பழைய சாமான் கடையில், தொண்ணூறுகளின் ராப் குழு ஒன்றின் புகழ்பெற்ற பாடல்களைத் தொகுத்த சீடியைக் கண்டதும் கையில் எடுத்தேன்.

இரண்டாயிரங்களில், எங்கள் செவன் கிங்ஸ் வீட்டில், அண்ணையிடம் அதே குழுவின் தொகுப்புகள் இரண்டு இருந்தன. ஊரில் ஆயுத இயக்கங்கள் தங்களுக்குள்ளும் சுட்டுக்கொண்ட காலத்தைக் கண்டவர் அப்பா. பெட்ரோல் ஷெட் ஷிப்ட் முடிந்து வந்தவர், அட்டையில் தலையை மூடிக்கொண்டு வரிசையாக நின்ற இளைஞர்களைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

“இது எந்த இயக்கம்?”

“பாட்டுக்காரர் அப்பா.”

“பிறகேன் சொந்தப் பேரை விட்டிட்டு வேறை பேர் வைச்சிருக்கிறாங்கள்?”

அப்பா இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். “இதிலை நிண்ட பொடியன் புதுசிலை இல்லையே. எங்கை?”

“செத்துப் போனார்.”

அப்பாவின் குரல் தாழ்ந்தது. “ஆர் சுட்டது? வெளியாக்களோ, இவங்களேயோ?”

“ஒருத்தரும் சுடேல்லை. நெஞ்சு வருத்தம் வந்தது.”

“அப்பிடித்தான் சொல்லுவாங்கள்.”

அண்ணை சிரித்தார். அப்பாவோ அந்தப் பொடியனின் முகத்திலிருந்த தூசியைப் பெருவிரலால் துடைத்தார். அவருக்கு அவர்கள்மேல் பயமா, அவர்களுக்காகப் பயமா என்று எனக்கு விளங்கவில்லை. இன்றும்தான்.

கடையில் சீடியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். இந்த அட்டையில் குழுவின் சின்னம் மட்டும் இருக்கிறது. ஒரு முகம்கூட இல்லை. உயிரோடு மிச்சம் இருப்பது யார் யார் என்று யாரிடம் கேட்பது?