இன்னும் கொஞ்சம் பவர் வேண்டுமாம்

நெடுங்கண்டம் பாஸ்கல் இதை இதுவரை இரண்டே முறைதான் சொல்லியிருக்கிறார். ஒருமுறை மனைவி ஞானஜோதியிடம், ஒருமுறை என்னிடம். இரண்டு முறையும் நேரம் மாறவில்லை, ஒரு வார்த்தைகூடக் கூடவில்லை. கதை கட்டுகிறவர் என்றால் இரண்டாம் முறை ஏதாவது சேர்த்திருப்பார். நடுராத்திரி, சுடுகாடு என்றெல்லாம் இதில் எதுவும் கிடையாது. பட்டப்பகலில், மத்தியானம் இரண்டே முக்காலுக்கு ஆரம்பித்து நாலரைக்குள் முடிந்துவிட்டது.

போன அக்டோபர். மலையில் இடி இறங்குகிற மாதம். ஒவ்வொரு இடிக்கும் பத்துக் கம்ப்யூட்டர் சாகும். பாஸ்கலின் சர்வீஸ் கடையில் உட்காரக்கூட இடமில்லாமல் பெட்டிகள் குவிந்து கிடந்தன. பத்தொன்பது நாளாக அவர் ஓய்வே எடுக்கவில்லை. ஞாயிறு பூசையில் நின்றபடியே தூங்கிப் போய், ஞானஜோதி முழங்கையால் இடித்து எழுப்ப வேண்டியிருந்தது.

அப்போதுதான் சுஜின் கூப்பிட்டான். சக்குபள்ளத்துக்கு மேலே, ஏலத்தோட்டத்து சூப்பர்வைசர் வீட்டில் தனியாக இருக்கிற இருபத்தொன்பது வயதுக்காரன். அப்பா அம்மா இறந்துவிட்டார்கள். அக்கா சிஞ்சு குமுளியில் நர்ஸ். வீட்டிலிருந்தபடியே ஏதோ கம்பெனிக்குப் படம் வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தவன், நான்கு மாதமாக அதையும் விட்டுவிட்டான். விளையாட்டு மட்டும்தான்.

"கேமிங் பிசிய ஏத்தணும்ண்ணே. பெரிய கார்டு, டபுள் ராம், பவர் சப்ளை எல்லாம் வாங்கி வெச்சுட்டேன். நீங்க வந்து மாட்டிக் குடுத்தா போதும்."

பாஸ்கலுக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் கம்ப்யூட்டரைப் போன வருடம் சேர்த்துக் கொடுத்ததே அவர்தான்.

"ஏலே, அதுவே யானை மாதிரி இருக்கும். அதுக்கு மேல என்னத்த ஏத்தப் போற?"

"பத்தலண்ணே."

முடியாது என்று சொல்லத்தான் நினைத்தார். ஆனால் அன்று சாயங்காலமே சிஞ்சுவும் கூப்பிட்டாள். "அவன் என் போன எடுத்து மாசமாகுதுண்ணே. நான் போனாலும் கதவத் திறக்க மாட்டேங்கான். நீங்க அந்தப் பக்கம் போனா எப்படி இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க." அழுகை குரலில் தெரிந்தது. மறுநாள் பாஸ்கல் தன் பழைய ஆம்னி வேனை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

போய்ச் சேர்ந்தபோது மணி 2:45. மழை விட்டிருந்தது. மூடுபனி வாசல்வரை வந்து நின்றது. கதவைத் திறந்த சுஜினைப் பார்த்து அவருக்கு ஒரு கணம் அடையாளம் தெரியவில்லை. பாதியாக இளைத்திருந்தான். கண்ணுக்குக் கீழே கறுப்பு. கழுத்தில் பெரிய ஹெட்போன்.

"சாப்பிட்டியாலே?"

"அப்புறம்ண்ணே. மொதல்ல இதப் பாருங்க."

அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு நாற்காலி. ஜன்னல்கள் அடைத்திருந்தன. பாஸ்கல் முதலில் கம்ப்யூட்டரை ஓடவிட்டுப் பார்த்தார். கார்டு, ராம், சூடு, வேகம் எல்லாவற்றையும் அரைமணி நேரம் சோதித்தார். ஒரு குறையும் இல்லை. புதுசு மாதிரி ஓடியது.

"இதுல என்னதான் பிரச்சினை?"

"எல்லாம் சரியா ஓடும்ண்ணே. அவன் வரும்போது மட்டும் படம் திக்கும். கட்டம் கட்டமா ஒடையும். அவன் உருவமே தெரியாது."

"எவன்?"

"கூட ஆடுறவன். நாலு மாசமா தெனமும் வாரான். நம்ம எஸ்டேட் பேச்சுதான் பேசுவான். பேரு மட்டும் சொல்ல மாட்டான். உன் மெஷின் பத்தல, இன்னும் கொஞ்சம் பவர் இருந்தா வந்துருவேன்ங்கான்."

விளையாட்டுப் பைத்தியங்களை பாஸ்கல் நிறையப் பார்த்தவர். சீக்கிரம் முடித்துவிட்டு, இவனுக்கு ஒரு வாய் சோறு வாங்கிக் கொடுத்து, அக்காவிடம் விட்டுவிட்டுப் போய்ப் படுக்கவேண்டும். அவர் மனதில் அவ்வளவுதான் இருந்தது.

3:20. எல்லா வயரையும் கழற்றி, பெட்டியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் படுக்கவைத்துத் திறந்தார்.

உள்ளே ஒட்டடையோ தூசியோ இல்லை. மண் இருந்தது. மாவு மாதிரிச் சலித்த சிவப்பு மண். ஃபேன் இறக்கைகளிலும் ஸ்லாட் இடுக்குகளிலும் படிந்திருந்தது. ஜன்னல் அடைத்த அறையில் எப்படி என்று கேட்க நினைத்தார். கேட்கவில்லை. அசதி. பிரஷ்ஷால் தட்டித் துடைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

பழைய கார்டைக் கழற்றினார். பின்னால் சுஜின் நாற்காலியில் உட்கார்ந்து, ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தான்.

"ம்… ம்… ஆமா, கழட்டிட்டாரு… ம்…"

போனில் பேசுகிறான் என்று பாஸ்கல் நினைத்தார்.

3:41. புது கார்டை மாட்டி முறுக்கும்போது ஒரு ஸ்க்ரூ கையிலிருந்து நழுவியது. டிங் என்று ஒரு சத்தம். அப்புறம் உருண்டது. தரையெல்லாம் தடவிப் பார்த்தார். கிடைக்கவில்லை.

"கட்டிலுக்கு அடியில போயிருச்சாம்ண்ணே" என்றான் சுஜின். "பின்னங்காலு பக்கத்துல கெடக்காம்."

பாஸ்கல் டார்ச் அடித்துப் பார்த்தார். கட்டிலின் பின்னங்கால் பக்கத்தில் ஸ்க்ரூ கிடந்தது.

எடுத்துக்கொண்டு நிமிர்ந்த பிறகுதான் அது உறைத்தது. போயிருச்சு என்று அவன் சொல்லவில்லை. போயிருச்சாம். கிடக்கு என்று சொல்லவில்லை. கிடக்காம்.

"யாருலே சொன்னது?"

சுஜின் ஹெட்போனைத் தொட்டுக் காட்டினான்.

அதன் வயர் அவன் மார்பு வழியாக இறங்கி மேசைமேல் கிடந்தது. நுனி எதிலும் சொருகியிருக்கவில்லை. போன் கட்டில்மேல் அணைந்து கிடந்தது.

பாஸ்கல் அந்த நுனியைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தூக்கமில்லாதவன், தனியாக இருப்பவன், தானாகப் பேசுகிறான். ஸ்க்ரூ உருண்டதை அவனே பார்த்திருப்பான். அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டார். ஸ்க்ரூவை முறுக்கத் தொடங்கினார்.

4:05. வேலை முடிந்தது. பெட்டியை மேசைமேல் ஏற்றினார். கரண்ட் வயர், திரை வயர், கீபோர்டு… ஜன்னல் இடுக்கு வழியாக வந்த கறுப்பு நெட் வயரையும் தன் கையாலேயே சொருகினார். சுஜின் ஹெட்போன் வயரைச் சொருகினான். பட்டனை அழுத்தினான். ஃபேன்கள் ஓடத் தொடங்கின. திரை வந்தது. விளையாட்டு திறந்தது.

ஒரு மலைச்சரிவு. இருட்டு. மழை. படம் தண்ணீர் மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடியது.

"பாத்தீங்களா… இப்ப திக்கவே இல்ல…" சுஜின் ஹெட்போனைக் கழற்றி நீட்டினான். "உங்ககிட்ட பேசணுமாம்."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். ஆனால் கை வாங்கிக் காதில் வைத்துவிட்டது.

முதலில் சத்தமே இல்லை. அப்புறம் மூச்சு. ரொம்ப தூரம் சுமை தூக்கி வந்த ஆள் விடுகிற மூச்சு.

"பாஸ்கலண்ணே…"

குரலில் மிரட்டல் இல்லை. கோபம் இல்லை. வெறும் அசதி. அவருடைய அசதியைவிடப் பழைய அசதி.

"சீக்கிரம்ண்ணே… கை ஓஞ்சு போச்சு…"

ஹெட்போனைப் பிடுங்கி மேசையில் போட்டார்.

"என் பேர அவன்கிட்ட சொன்னியா?"

"இல்லண்ணே. நான் சொல்லல."

4:19. திரையில் மலை மறைந்தது. வேறு ஒன்று வந்தது.

ஒரு அறை. ஒரு கட்டில். ஒரு மேசை. மேசைக்கு முன்னால் இரண்டு முதுகுகள். ஒன்று நாற்காலியில். இன்னொன்று பக்கத்தில் நின்றுகொண்டு… சட்டை முதுகில் வியர்வையில் நனைந்த திட்டு.

பாஸ்கல் மெல்லத் தன் வலது கையைத் தூக்கினார்.

திரையில் நின்றவரும் தூக்கினார்.

அறையில் கேமரா கிடையாது. அவருக்குத் தெரியும்.

படம் அசைந்தது. ஒரு அடி முன்னால் வந்தது. நின்றது. இன்னொரு அடி…

ஈர மண் வாசனை.

பின்னால்.

"திரும்பாதலே" என்றார். தன் குரல் தனக்கே கேட்கவில்லை.

சுவரில் ஸ்விட்சைத் தட்டினார். யூபிஎஸ் கூவியது. அதையும் அணைத்தார். ஃபேன்கள் நின்றன. விளக்குகள் அணைந்தன.

திரை அணையவில்லை.

இரண்டு முதுகுகளும் இப்போது திரை முழுக்க…

பிடரியில் சில்லென்று ஏதோ பட்டது. ஒரு சொட்டு.

கறுப்பு நெட் வயரைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. கிளிப்பை அமுக்கி மறுபடி இழுத்தார்.

வந்தது.

திரை இருண்டது. மணி 4:26.

அதற்குமேல் அவர் யோசிக்கவில்லை. சுஜினின் கையைப் பிடித்தார். அவன் முரண்டு பிடிப்பான் என்று பயந்தார். அவன் முரண்டு பிடிக்கவில்லை. காய்ச்சல் விட்ட பிள்ளை மாதிரிக் கூடவே நடந்தான். திரும்பிப் பார்க்காமல் வண்டியில் ஏறினார்கள்.

வண்டி தார் ரோட்டைத் தொட்டதும் கேட்டார். "அந்த நெட் லைன உனக்கு யாருலே குடுத்தா?"

"தெரியலண்ணே. மொதல்ல போன் நெட்டுதான் வெச்சிருந்தேன். நாலு மாசம் முன்னாடி ஒரு நாள் காலைல ஜன்னல்ல தொங்கிட்டு இருந்துச்சு. சொருகினேன். வந்துச்சு."

சொல்லி முடிப்பதற்குள் தூங்கிவிட்டான். குமுளிக்குப் போய் சிஞ்சு வந்து கதவைத் திறக்கிறவரை எழவில்லை. அங்கேயும் இரண்டு நாள் தூங்கினான். எழுந்தவன் கேட்ட முதல் விஷயம் கஞ்சி. அந்த மட்டுக்கும் ஆண்டவருக்கு நன்றி என்று சிஞ்சு போனில் அழுதாள்.

பாஸ்கல்தான் தூங்கவில்லை.

ஒன்பது நாள் கழித்து, அந்தப் பக்கத்துக்கெல்லாம் நெட் லைன் இழுக்கிற ஷிஜு கடைக்கு வந்தான். பாஸ்கல் கேட்டார். ஷிஜு உதட்டைப் பிதுக்கினான்.

"அந்த வீட்டுக்கா? நாங்க லைனே குடுத்ததில்லண்ணா. அங்க வரைக்கும் எங்க லைனுக்குக் கம்பமே கெடையாது."

அடுத்த ஞாயிறு மத்தியானம் இருவரும் போனார்கள். நல்ல வெயில். வீட்டுக்குள் போகவில்லை. வெளியே, ஜன்னலிலிருந்து இறங்குகிற கறுப்பு வயரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். அது ஏலச்செடிகளுக்கு நடுவே, தரையோடு தரையாகச் சரிவில் இறங்கியது. எண்பது மீட்டர் இருக்கும். அங்கே மூன்று வருடத்துக்கு முன்னால் உருள்பொட்டி, மலையே சரிந்து மண் இறங்கிய இடம். புல் மூடியிருந்தது.

வயர் அந்த மண்ணுக்குள் போயிருந்தது.

ஷிஜு உட்கார்ந்து அதைத் தடவிப் பார்த்தான். "எங்க கம்பிதான்ணா இது."

பிடித்து இழுத்தான். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தான். அசையவில்லை. விட்டான்.

வயர் ஒரு முழம் உள்ளே போனது.

ஷிஜு எழுந்து நின்றான். காற்று இல்லை. ஒரு பறவைகூடக் கத்தவில்லை.

இன்னொரு முழம். அவசரம் இல்லாமல். கொஞ்சம் நின்று, மூச்சு வாங்கிக்கொள்கிற மாதிரி… இன்னொரு முழம். மேலே ஏலச்செடிகளுக்குள் சரசரவென்று சத்தம் இறங்கி வந்தது. பாஸ்கலின் செருப்பை உரசிக்கொண்டு வயர் ஓடியது. கடைசியில் நுனி வந்தது. உள்ளே போனது.

மணி 12:10.

ரோட்டுக்கு ஏறி வந்த பிறகு ஷிஜு சொன்னான்.

"மண் எறங்கின அன்னிக்கு அங்க யாரும் இல்லன்னுதான் பஞ்சாயத்துல எழுதினாங்க. ஆனா… அந்த வாரம் எங்களோட கம்பி இழுக்க ஒரு ஆள் வந்திருந்தாண்ணா. ஏதோ எஸ்டேட்டுக்காரன். தினக்கூலி. மழைக்கு அப்புறம் வேலைக்கு வரல. ஊருக்குப் போயிட்டான்னு நெனச்சோம்."

"யாரும் தேடலயா?"

"யாருண்ணா தேடுவா?"

"பேரு?"

ஷிஜு வெகுநேரம் யோசித்தான். கடைசிவரை அவனுக்கு ஞாபகம் வரவில்லை.

அங்கே ஒரு ஆள் புதைந்திருக்கலாம் என்று சொல்லி, பாஸ்கல்தான் வில்லேஜ் ஆபீசுக்கு நான்கு தடவை நடந்தார். ஜனவரியில் ஜேசிபி வந்தது. பதினோரு அடி தோண்டினார்கள். எலும்பு இல்லை, துணி இல்லை, செருப்பு இல்லை. வயர் மட்டும் இருந்தது. எண்பது மீட்டரும். தோளில் மாட்டிக்கொள்கிற அளவுக்கு வட்டமாக, ஒரு சுற்றின்மேல் ஒரு சுற்றாக, வேலை முடிந்து வீட்டுக்குக் கிளம்புகிற ஆள் சுருட்டி வைக்கிற மாதிரிச் சுருட்டி, நடுவில் முடிச்சுப் போட்டு வைத்திருந்தது.