முப்பதாவது பொட்டலம்

உயிர்ப்பு ஞாயிறு அன்று பிரியாணிப் பொட்டலங்களைக் கொடுத்து முடிக்கும் வரை எங்கள் வீட்டில் யாரும் ஒரு வாய் சாப்பிடக் கூடாது. அப்பா போட்ட சட்டம். நாற்பது நாள் கறி இல்லாமல் தவக்காலம் இருந்துவிட்டு, விடிவதற்குள் அண்டா நிறையக் கோழி பிரியாணி செய்து, அந்த வாசனையோடு போய்ப் பூசையில் நிற்பது எவ்வளவு பெரிய சோதனை என்று அவருக்குப் புரியாது. அல்லேலூயா பாடும்போது என் வயிறும் சேர்ந்து பாடும்.

சட்டம் போட்டவரும் தன்னை விட்டுவைப்பதில்லை. மூட்டு வலியோடு முழங்காலில் நிற்பார். எழும்பும்போது நான் கை கொடுத்தால் தட்டிவிடுவார். யார் தயவும் இல்லாமல் வாழ்ந்துவிட்டதாக அவருக்கு ஒரு பெருமை.

போன ஈஸ்டருக்கு முப்பது பொட்டலம். பூசை முடிந்து நானும் அம்மாவும் அப்பாவும் தென்காசி பஸ் ஸ்டாண்டு, ரயில்வே ஸ்டேஷன் என்று காரில் சுற்றிக் கொடுத்துவிட்டுக் குற்றாலத்துக்குப் போனோம். சீசன் இல்லாத நேரம். ஐந்தருவியில் தண்ணீர் பாறையோடு ஒட்டிக் கசிந்துகொண்டிருந்தது. கடைகள் பாதிக்கு மேல் பூட்டு. கையில் ஒரே ஒரு பொட்டலம் பாக்கி. அங்கே இருந்தது குரங்குகளும், எண்ணெய் தேய்த்துவிடும் ஒரு பெரியவரும்தான். பாட்டில்களைப் படியில் வரிசையாக வைத்துக்கொண்டு, வராத ஆட்களுக்காக உட்கார்ந்திருந்தார்.

அப்பா பொட்டலத்தை நீட்டினார். அவர் வாங்கவில்லை.

"சும்மா வேண்டாம் அண்ணாச்சி. உக்காருங்க, காலுக்கு எண்ணெய் போட்டு விடுதேன். அதுக்கப்புறம் தாங்க."

இது கூலி இல்லை, ஆண்டவர் பேரால் கொடுக்கிற பண்டிகைச் சாப்பாடு என்று அப்பா விளக்கிப் பார்த்தார். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு மறுபடியும் தலையை ஆட்டினார். அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. வேறு யாராவது கிடைப்பார்களா என்று கார் நிறுத்துமிடம் வரை நொண்டி நொண்டிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஒருவரும் இல்லை. எனக்குப் பசியில் காது அடைத்தது. அந்தப் பெரியவர் காதில் விழும்படியே சொன்னேன்.

"வாங்கப்பா போலாம். பசிச்சவன் இப்படிப் பேச மாட்டான்."

அப்பாவும் காரைப் பார்த்து நடந்தார். அம்மாதான் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

"நீங்க மட்டுந்தான் குடுக்கணுமா? அவுகளும் குடுக்கட்டும். போய் உக்காருங்க."

அப்பா திரும்பி வந்தார். வேட்டியைச் சுருட்டிக்கொண்டு, ஊசி போட வந்த பிள்ளை மாதிரி படியில் உட்கார்ந்தார். பெரியவர் எண்ணெயை உள்ளங்கையில் சூடு வரத் தேய்த்து, மூட்டைச் சுற்றி மெதுவாக அழுத்தினார். எங்கே வலி என்று அப்பா சொல்லவே இல்லை. பெரியவர் விரல் தானாகப் போய் அங்கே நின்றது. அப்பா கண்ணை மூடிக்கொண்டார். இன்னொருவர் கைக்குத் தன்னை அப்படி விட்டுக்கொடுத்து அவரை நான் பார்த்ததே இல்லை.

கால் மணி நேரம் கழித்துப் பெரியவர் கையைத் துடைத்துவிட்டு, "இப்ப தாங்க" என்று பொட்டலத்தை வாங்கினார். பிரிக்கவில்லை. பைக்குள் பத்திரமாக வைத்தார். இப்போதே சாப்பிடலாமே என்று அம்மா கேட்டாள்.

"வீட்டுக்குக் கொண்டு போகணும்மா. வீட்டுக்காரி நேத்து மத்தியானத்துல இருந்து ஒண்ணும் சாப்பிடல. நானுந்தான்."

அம்மா என்னைப் பார்த்தாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஓரடி முன்னால் போனேன். அழுகைதான் வந்தது. பெரியவர் என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு அப்பாவிடம் சொன்னார்.

"பிள்ளைக்குப் பசி போல அண்ணாச்சி. சீக்கிரம் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."